ஒப்பந்ததாரர் இல்லாமல் வீட்டைப் புதுப்பிக்கும்போது எங்கெங்கே வேலை கெடுகிறது?

நடுக்கூடம் கேட்டது:

வணக்கம். 25 ஆண்டுப் பழைய செங்கல் வீடு, தரைத்தளமும் ஒரு மாடியும். மூன்று வேலைகள் திட்டத்தில் இருக்கின்றன. மாடியிலுள்ள 8 அடிக்கு 5 அடி குளியலறையைத் தளம் வரை உடைத்துப் புதிதாக்குவது. கீழே சமையலறைக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவிலுள்ள சுவரை எடுத்துவிட்டு இரண்டையும் ஒரே அறையாக்குவது. இந்தப் பகுதிகளுக்கெல்லாம் வயரிங்கை மாற்றுவது.

மொத்த வேலையையும் ஒரே ஒப்பந்ததாரரிடம் விடாமல் கொத்தனார், பிளம்பர், எலக்ட்ரீஷியன், டைல்ஸ் ஒட்டுபவர், தச்சர், பெயிண்டர் என்று தனித்தனியே பேசி, பொருளையும் நேரடியாக வாங்கிக் கொடுத்து நடத்தலாம் என்று எண்ணம். ஒப்பந்ததாரரின் லாபம் மிச்சமாகும், பொருளின் தரமும் நம் கையில் இருக்கும் என்பதுதான் காரணம்.

இப்படி நடத்தும்போது எந்த இடத்தில் வேலை கெடும், ஏன் கெடும், எதைப் பார்த்து உறுதி செய்த பிறகு அடுத்த ஆளை உள்ளே விட வேண்டும்? "கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்ற அளவில் நிற்காமல் அளவுகளோடு சொன்னால் பெரிய உதவி.

தூக்குக்குண்டு எழுதியது:

ஒப்பந்ததாரர் வாங்கும் தொகையில் ஒரு பங்குதான் லாபம். இன்னொரு பங்கு, யார் எந்த நாளில் வரவேண்டும் என்று வரிசைப்படுத்துவதற்கும், ஒருவர் செய்ததை அடுத்தவர் மூடிவிடும் முன் பார்ப்பதற்குமான கூலி. அவர் இல்லையென்றால் அந்த வேலை உங்கள் தலையில் வந்து உட்காரும். தனித்தனி ஆட்கள் எல்லோரும் கைதேர்ந்தவர்களாக இருந்தும் வேலை கெடுவது, ஒருவர் வேலை முடிந்து இன்னொருவர் வேலை தொடங்கும் அந்த ஓரத்தில்தான்.

ஷவருக்கும் குழாய்க்கும் தண்ணீரைத் திருப்பிவிடும் ஷவர் டைவர்ட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உடல் சுவருக்குள் புதைகிறது. பிளம்பர் அதை வைக்கும் நாளில் சுவர் வெறும் செங்கல். அதன்மேல் 12 முதல் 15 மி.மீ. பூச்சு, 3 முதல் 6 மி.மீ. டைல்ஸ் பசை, 8 முதல் 10 மி.மீ. டைல்ஸ் ஏறப்போகிறது. கூட்டினால் 23 முதல் 31 மி.மீ. டைவர்ட்டரின் பிளாஸ்டிக் மூடியில் குறைந்த ஆழம், அதிக ஆழம் என்று இரண்டு குறிகள் இருக்கும், ஒட்டி முடித்த டைல்ஸின் முகம் அந்த இரண்டுக்கும் நடுவே வரவேண்டும். பிளம்பருக்கு நீங்கள் வாங்கப்போகும் டைல்ஸின் கனம் தெரியாது. சுவர் தூக்குக்கு (செங்குத்துக்கு) எவ்வளவு விலகியிருக்கிறது, பூச்சு எங்கே தடிக்கும் என்பது குண்டு பிடித்துப் பார்க்கும்வரை கொத்தனாருக்கும் தெரியாது. உடல் ஆழத்தில் போய்விட்டால் கைப்பிடி எட்டாது. வெளியே தள்ளி நின்றால் மூடித்தட்டு சுவரோடு படியாது. இரண்டுமே டைல்ஸ் ஒட்டி முடித்த பிறகுதான் தெரியவரும். அப்போது பிளம்பர் கொத்தனாரைக் கைகாட்டுவார், கொத்தனார் டைல்ஸ்காரரைக் கைகாட்டுவார், மூவருக்கும் கூலி கொடுத்து முடித்திருப்பீர்கள்.

இதற்கு மருந்து ஒன்றுதான். டைல்ஸ், டைவர்ட்டர், கம்மோடு, வாஷ் பேசின், சிங்க், அடுப்பு, புகைபோக்கி இத்தனையும் இடிப்பதற்கு முன்பே முடிவாகி, முடிந்தால் வீட்டுக்கே வந்து சேர்ந்திருக்க வேண்டும். கம்மோடின் கழிவு வாய் பின்சுவரிலிருந்து எத்தனை மி.மீ. என்பது மாடலுக்கு மாடல் வேறு, அந்த அளவு டைல்ஸ் ஒட்டிய சுவரிலிருந்து எடுக்கப்படுவது. வெறும் செங்கலிலிருந்து அளந்து குழாயை நிறுத்தினால் கம்மோடு பின்னால் இடிக்கும்.

வரிசை இப்படி: இடிப்பு, கட்டமைப்பு வேலை, சுவருக்குள் போகும் குழாயும் வயர் பைப்பும், அழுத்தச் சோதனை, பூச்சு, நீர்த்தடுப்பு, தண்ணீர் நிறுத்திச் சோதனை, டைல்ஸ், கூரைத் தட்டி (ஃபால்ஸ் சீலிங்), பெயிண்டின் முதல் பூச்சு, மரவேலை, கடைசிப் பூச்சு, பிறகு சுவிட்சும் குழாய்களும். மாடுலர் அலமாரிக்கு அளவெடுப்பவரைப் பூச்சும் டைல்ஸும் முடியாமல் அழைக்காதீர்கள். செங்கலில் எடுத்த அளவுக்குச் செய்த அலமாரி சுவருக்குள் நுழையாது.

அந்தச் சுவரைப் பற்றிச் சொல்வதற்கு முன் மூன்று விவரம் வேண்டும். சுவரின் கனம் பூச்சோடு எவ்வளவு? அதன் தலையில், தளத்துக்கு அடியில், பீம் தெரிகிறதா? மாடியில் அதே கோட்டில் சுவர் நிற்கிறதா? இதற்குப் பதில் வரும்வரை யாரையும் சம்மட்டி எடுக்க விடாதீர்கள்.

ஓதக்காப்பு எழுதியது:

குளியலறையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், கொஞ்சம் நீளும். மாடிக் குளியலறை என்பதால் இங்கே நடக்கும் தவறு கீழ் அறைக் கூரையில் மஞ்சள் வட்டமாக வந்து நிற்கும்.

டைல்ஸ் தண்ணீரைத் தடுக்கும், ஆனால் டைல்ஸுக்கு நடுவிலுள்ள சிமென்ட் கிரௌட் தடுக்காது. அதன் வழியே ஈரம் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். அதைத் தடுக்க வேண்டியது அடியிலுள்ள நீர்த்தடுப்புப் பூச்சு. அந்தப் பூச்சு நடுத்தரையில் தோற்பது அரிது. சுவரும் தரையும் சேரும் மூலை, குழாய் தளத்தைத் துளைத்து இறங்கும் இடம், வாசற்படி, இந்த மூன்றில்தான் தோற்கும்.

உடைத்தபின் கான்கிரீட் தளம் கம்பித் தூரிகை போட்டுத் தூசு இல்லாமல் சுத்தமாக வேண்டும். குழாய் இறங்கும் துளையைச் சுற்றிப் பழைய கலவையை ஆப்பு வடிவில் 25 மி.மீ. ஆழத்துக்கு நோண்டி எடுத்துவிட்டு, சுருங்காத கலவையால் நிரப்ப வேண்டும். பி.வி.சி. குழாயின் வழவழப்பில் எந்தக் கலவையும் ஒட்டாது. உப்புத்தாள் போட்டு வெளிப்புறத்தைச் சொரசொரப்பாக்கிய பிறகே நிரப்பச் சொல்லுங்கள். இரண்டு நிமிட வேலை, அதைத்தான் விட்டுவிடுவார்கள். மூலைகளில் சிமென்ட் கலவையைச் சாய்வாக அணைத்து, செங்கோண மடிப்பை உடைக்க வேண்டும். செங்கோணத்தில் மடிந்த பூச்சு, சுவரும் தரையும் துளி அசைந்தாலும் அந்த மடிப்பில்தான் கிழியும். அதன்மேல் வலைநாடா பதித்து, இரண்டு கோட் பூச்சு. முதல் கோட் நீளவாக்கில், அது காய்ந்தபின் இரண்டாவது குறுக்குவாக்கில். சுவரில் எல்லாப் பக்கமும் 300 மி.மீ., ஷவர் சுவரில் 1800 மி.மீ. உயரம் ஏற்றுங்கள். வாசற்படிக்கு அடியிலும் பூச்சு மடிந்து ஏற வேண்டும். இல்லையென்றால் தண்ணீர் டைல்ஸ் அடியிலேயே நடந்து படுக்கையறைத் தரைக்குப் போய்விடும், அங்கே கதவு நிலையின் கால் உப்பும்.

சோதனை: தரைத் தண்ணீர் வடியும் ஃப்ளோர் டிராப்பின் வாயை இறுக அடைத்து, தரையின் மிக மேடான இடத்திலும் 25 மி.மீ. நிற்கும்படி தண்ணீர் விடுங்கள். நீர்மட்டத்தைச் சுவரில் பென்சிலால் குறியுங்கள். 48 மணி நேரம் விடுங்கள். பக்கத்திலேயே ஒரு வாளியில் தண்ணீர் வைத்து அதன் மட்டத்தையும் குறித்துவிடுங்கள், வாளியில் குறைந்த அளவே தரையிலும் குறைந்திருந்தால் அது ஆவியானது. தரையில் கூடுதலாகக் குறைந்திருந்தால் கசிவு. கீழே கூரையில் கைவைத்து, குழாய் இறங்கும் இடத்தை முக்கியமாகப் பாருங்கள். இந்தச் சோதனைக்கு முன் டைல்ஸ்காரரைத் தேதி சொல்லி வரவழைத்துவிட்டால், "ஆள் வந்து நிற்கிறாரே" என்று 6 மணி நேரத்தில் தண்ணீரைத் திறந்துவிடுவது வழக்கமாக நடப்பது. சோதனை முடிந்த பிறகே அவருக்குத் தேதி சொல்லுங்கள்.

வாட்டம், அதாவது சரிவு: தரைக்கு 80-க்கு 1. எட்டடி நீளத்துக்கு ஏறக்குறைய 30 மி.மீ. இறக்கம். கதவுப் பக்கம் மேடு, டிராப் பக்கம் பள்ளம். முடிந்த தரை வெளியறைத் தரையைவிட 15 முதல் 20 மி.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். இந்தக் கணக்கைக் கொத்தனார் தளக்கலவை போடும்போதே வைக்க வேண்டும். டைல்ஸ் ஒட்டும்போது பசையில் வாட்டம் கொடுக்க முயன்றால் பசை ஓரிடத்தில் 15 மி.மீ. தடிக்கும், இன்னோர் இடத்தில் இருக்கவே இருக்காது. 110 மி.மீ. கழிவுக் குழாய்க்கு 60-க்கு 1 போதும், 3 மீட்டர் ஓட்டத்துக்கு 50 மி.மீ. டிராப்பில் 50 மி.மீ. நீர்மூடி (வாடையை மறித்து எப்போதும் தேங்கி நிற்கும் தண்ணீர்) நிற்க வேண்டும். அது குறைந்தால் சாக்கடை வாடை அறைக்குள் ஏறும், அப்புறம் எத்தனை வாசனைத் திரவியம் ஊற்றினாலும் போகாது.

தளம் பள்ளமாக இறக்கிக் கட்டியதாக இருந்தால் ஒன்று பாருங்கள். 300 மி.மீ. பள்ளத்தை உடைத்த செங்கல் போட்டு நிரப்பினால் ஒரு சதுர மீட்டருக்கு 480 கிலோ அளவுக்குச் சேரும். உங்கள் அறையின் 3.7 சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 1.8 டன், ஈரம் ஏறினால் இன்னும் கூடும். இடிபாட்டை வெளியே கொண்டுபோகும் வண்டிக்கூலி மிச்சம் என்று அதையே உள்ளே கொட்டிவிடுவார்கள். லேசான கான்கிரீட் கட்டியோ லேசான நிரப்பியோ போடச் சொல்லுங்கள். பள்ளத்தின் அடியிலும் ஒரு நீர்த்தடுப்பு, நிரப்பிக் கலவை போட்டபின் மேலே ஒரு நீர்த்தடுப்பு, இரண்டும் வேண்டும். இரண்டிலும் தண்ணீர் நிறுத்திப் பாருங்கள்.

சுவருக்குள் போகும் சி.பி.வி.சி. குழாய்களைப் பசை போட்டு 24 மணி நேரம் ஆறவிட்டு, காற்றை முழுக்க வெளியேற்றி, கைப்பம்பால் வேலை அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றி 2 மணி நேரம் வையுங்கள். அழுத்தமானியின் முள் இறங்கக் கூடாது. கம்ப்ரஸர் காற்றால் சோதிக்க விடாதீர்கள். பிளாஸ்டிக் குழாய் காற்றழுத்தத்தில் உடைந்தால் சில்லு சில்லாகத் தெறிக்கும். பூச்சு வேலை நடக்கும் நாட்களிலும் குழாயில் அழுத்தம் அப்படியே நிற்கட்டும், கொத்தனாரின் உளி குழாயில் பட்டால் அந்த நிமிடமே மானி காட்டிக்கொடுத்துவிடும்.

கம்பிச்சுருள் எழுதியது:

வயரிங் பத்தி யாரும் சொல்லலையேன்னு எழுதுறேன். எம்.சி.பி. (லோடு கூடினா தானா விழுற சுவிட்ச்) காப்பாத்துறது வயரை, ஆளை இல்ல. ஆளைக் காப்பாத்துறது 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்டு வெளியே கசிஞ்சா உடனே துண்டிக்கிற சுவிட்ச்), அதுவும் ஒழுங்கான எர்த்தும். குளியலறைக்கும் சமையலறைக்கும் இது ரெண்டும் இல்லாம வேலை முடிஞ்சதா ஒத்துக்காதீங்க.

மொதல்ல லோடு கணக்கு. 230 வோல்ட் இருக்கிற எடத்துல 2000 வாட் கீசர் 8.7 ஆம்பியர் இழுக்கும், 3000 வாட் ஓவன் 13, 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு 8.7. ஓவனும் அடுப்பும் ஒரே நேரத்துல ஓடினா 21.7. பழைய சமையலறைக்கு வந்திருக்கிற ஒத்த 2.5 சதுர மி.மீ. வயர்ல இதை ஓட்டினா 16 ஆம்பியர் எம்.சி.பி. விழுந்துக்கிட்டே இருக்கும். அப்போ சிலர் என்ன பண்ணுவாங்கன்னா, எம்.சி.பி.யை 25-ஆவோ 32-ஆவோ மாத்திட்டு "இப்ப விழாது"ன்னு போயிடுவாங்க. விழாதுதான். ஆனா வயர் சுவருக்குள்ள சூடாகி இன்சுலேஷன் கருகும், அது வெளியில தெரியவும் தெரியாது. எம்.சி.பி. பெருசாகணும்னா மொதல்ல வயர் பெருசாகணும். விளக்குக்கு 1.5, 16 ஆம்பியர் சாக்கெட்டுக்கு 2.5, 3000 வாட் பொருளுக்குத் தனியா 4 சதுர மி.மீ. ஒவ்வொரு பெரிய பொருளுக்கும் போர்டுல இருந்து தனி லைன். மீட்டர்ல இருந்து போர்டுக்கு வர்ற மெயின் வயர் இந்தக் கூடுதல் லோடைத் தாங்குமான்னும் சேத்துப் பாக்கச் சொல்லுங்க, அதை மறந்துட்டு உள்ள மட்டும் புதுசா இழுப்பாங்க.

பாதி வீட்டை மட்டும் மாத்துறப்ப வர்ற பெரிய தலைவலி நியூட்ரல், அதாவது கரண்டு திரும்பிப் போற வயர். புது ஆர்.சி.சி.பி. வழியாப் போற லைனோட நியூட்ரல், ஏதாவது ஒரு பழைய பெட்டியில பழைய லைன் நியூட்ரலோட சேந்துட்டா, லைட்டைப் போட்ட உடனே ஆர்.சி.சி.பி. விழும். போன கரண்டு முழுசா அதே வழியில திரும்பி வரலைன்னு அது கண்டுபிடிக்குது, அதோட வேலையே அதான். எந்தப் பெட்டியில சேந்திருக்குன்னு தேடிப் பிரிக்கணும். அதுக்குப் பதிலா "ஆர்.சி.சி.பி. கோளாறு"ன்னு அதைச் சுத்திட்டு நேரா இணைக்கிறவங்க இருக்காங்க. அப்படிச் செஞ்சா குளியலறையில இருக்கிற பாதுகாப்பு மொத்தமும் போச்சு. ஆர்.சி.சி.பி.யில ஒரு சோதனைப் பொத்தான் இருக்கும், வேலை முடிஞ்ச அன்னைக்கு அமுக்கிப் பாருங்க. விழணும்.

பழைய வயரையும் புது வயரையும் சுவருக்குள்ள முறுக்கி டேப் சுத்திப் புதைக்கிறது கூடவே கூடாது. இணைப்பு எங்க இருந்தாலும் மூடியைக் கழட்டிப் பாக்குற மாதிரி பெட்டிக்குள்ள இருக்கணும். பைப்புக்குள்ள வயர் 40 சதவீதத்துக்கு மேல அடைக்கக் கூடாது, அடைச்சா சூடு வெளியேறாது, பின்னால ஒரு வயரை உருவி மாத்தவும் முடியாது.

பூச்சு முடிஞ்சு வயர் இழுத்ததும் 500 வோல்ட் மெகர் (இன்சுலேஷன் அளக்கிற மீட்டர்) வெச்சு இன்சுலேஷன் பாக்கணும். பொருள் எதுவும் மாட்டியிருக்கக் கூடாது. ஒரு மெகா ஓமுக்குக் கீழ காட்டினா எங்கயோ தோல் உரிஞ்சிருக்கு. தச்சர் அலமாரியை மாட்டின பிறகு இன்னொரு தடவை. அவர் அடிக்கிற திருகு நேரா வயர் பைப்புல எறங்குறது ரொம்ப சாதாரணம். இதைத் தவிர்க்க, பூச்சுக்கு முன்னாடி ஒவ்வொரு சுவரையும் டேப்பை நீட்டி வெச்சு, தரையில இருந்து எவ்வளவு, மூலையில இருந்து எவ்வளவுன்னு தெரியிற மாதிரி போட்டோ எடுத்துத் தச்சர் கையில கொடுத்துடுங்க.

நடுக்கூடம் எழுதியது:

மூவருக்கும் நன்றி. சுவரை அளந்து பார்த்தாயிற்று. பூச்சோடு 255 மி.மீ. தலையில் பீம் தெரியவில்லை, தளம் நேராகச் சுவர்மேல் உட்கார்ந்திருக்கிறது. மாடிக் குளியலறையின் நீளச்சுவர் அதே கோட்டில்தான் நிற்கிறது. கொத்தனார் "மேலே இரண்டு இரும்பு முட்டுக் கொடுத்து, உடைத்துவிட்டு பீம் போட்டுவிடலாம்" என்கிறார்.

இன்னும் இரண்டு கேள்வி. டைல்ஸ் ஒட்டுபவர், குளியலறையில் பழைய டைல்ஸை உடைக்காமல் மேலேயே ஒட்டினால் பாதி நாளும் பாதிக் கூலியும் மிச்சம் என்கிறார். எல்லோருமே பாதித்தொகை முன்பணம் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

தூக்குக்குண்டு எழுதியது:

255 மி.மீ. என்றால் ஒன்பது அங்குலச் சுவர். பீம் இல்லை, மேலே சுவர் நிற்கிறது. ஐயத்துக்கு இடமில்லை, அது பாரம் தாங்கும் சுவர். இரண்டு பக்கத் தளங்களின் பாரமும் குளியலறைச் சுவரின் பாரமும் அதன் வழியாகத்தான் அடித்தளத்துக்கு இறங்குகின்றன. கொத்தனார் சொல்லும் முறையில் ஓட்டை இருக்கிறது. தளத்துக்கு அடியில் முட்டுக் கொடுத்தால் தளம் நிற்கும். மாடிச் சுவருக்கு அந்த முட்டு நேரடியாகத் துணை இல்லை, அது நடுவில் தொங்கிக்கொண்டு தளத்தை வளைக்கும்.

கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் நேரில் வந்து பார்த்து, கணக்கிட்டு, வரைபடம் கொடுத்துக் கையெழுத்திட வேண்டும். இது கூலியை மிச்சம் பிடிக்கும் இடம் இல்லை. உங்கள் உள்ளாட்சியின் அனுமதியும் பெரும்பாலும் இதற்குத் தேவைப்படும், அந்த வரைபடத்தைத்தான் அங்கேயும் கேட்பார்கள். அவரிடம் நீங்கள் கேட்க வேண்டியவை: பீமின் இரண்டு முனையும் எதன்மேல் உட்காரும்? இதுவரை சுவரின் நீளம் முழுக்கப் பரவியிருந்த பாரம் இனி இரண்டு புள்ளியில் குவியும். அங்கே வெறும் செங்கல் நசுங்கும், அதனால் கான்கிரீட் திண்டு வைத்து அதன்மேல்தான் பீம் உட்கார வேண்டும். அந்த இரண்டு புள்ளிக்கு நேர் கீழே அடித்தளம் தாங்குமா? இந்தக் குறுக்குச் சுவர் வெளிச்சுவரைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டிருக்கிறதா? பிடித்துக்கொண்டிருந்தால் முழுச் சுவரையும் எடுக்காமல் இருபுறமும் சிறிது சுவரை நிற்கவிடச் சொல்வார், அதைக் குறைக்கச் சொல்லிக் கெஞ்சாதீர்கள்.

முட்டு வைக்கும் முறையையும் அவரே எழுதித் தரட்டும். வழக்கமாக, உடைக்கும் சுவருக்கு இரண்டு பக்கமும் தளத்துக்கு முட்டு வரிசை. மாடிச் சுவரைத் தாங்க, சுவரைத் துளைத்துக் குறுக்கே இரும்புத் தாங்கிகள், அவற்றின் இரு முனைக்கும் முட்டு. முட்டின் காலடியில் பலகை வைத்துப் பாரத்தைப் பரப்ப வேண்டும், டைல்ஸ் தரையில் நேராக நிறுத்தினால் அது வழுக்கும், தரை உள்ளே அமுங்கும். பீம் ஏறியபின் அதன் தலைக்கும் மேலிருக்கும் கட்டுமானத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளியைச் சுருங்காத கலவையால் இறுக அடைக்க வேண்டும். அங்கே 5 மி.மீ. காலியாக இருந்தால் முட்டுகளை எடுத்த அன்று மேலே உள்ளதெல்லாம் அந்த 5 மி.மீ. இறங்கும். கான்கிரீட் பீம் என்றால் 6 மீட்டர் வரைக்கும் 14 நாள், அதற்கு மேல் 21 நாள் முட்டு நிற்க வேண்டும். அந்த நாட்களில் தண்ணீர் விட்டு ஆற்றுவது யார் பொறுப்பு என்று இப்போதே பேசுங்கள். கொத்தனார் அடுத்த வேலைக்குப் போய்விடுவார், பீம் காய்ந்து நிற்கும்.

சுவரைக் கொத்துவது பற்றி ஒன்று. நெடுக்காகக் கொத்தினால் சுவர் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு, குறுக்காகக் கொத்தினால் ஆறில் ஒரு பங்கு, அதற்கு மேல் ஆழம் கூடாது. நாலரை அங்குலச் சுவரில் ஆறில் ஒரு பங்கு என்பது 19 மி.மீ. தான். 25 மி.மீ. வயர் பைப் அதில் குறுக்காகப் போகவே இடமில்லை. மேலிருந்து நேராக இறக்கச் சொல்லுங்கள். பீமிலும் தூணிலும் ஒரு உளி படக் கூடாது.

மூலைமட்டம் எழுதியது:

பழைய டைல்ஸ் மேல் புது டைல்ஸ்: ஈரம் படாத சுவரில், பழையது தட்டினால் கெட்டியாக ஒலித்தால், செய்யலாம். மாடிக் குளியலறைத் தரையில் கூடாது. பழைய நீர்த்தடுப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க வழியே இல்லாமல் அதை மூடுகிறீர்கள். சதுர மீட்டருக்கு 25 முதல் 30 கிலோ கூடுகிறது, தரை 12 முதல் 15 மி.மீ. ஏறுகிறது, வெளியறைத் தரையைவிடத் தாழ்ந்திருக்க வேண்டிய 15 மி.மீ. காணாமல் போகிறது. கூலி மிச்சம் என்று அவர் சொல்வது உண்மைதான், ஆனால் அவர் கணக்கில் கீழ் அறைக் கூரை இல்லை.

விட்ரிஃபைடு டைல்ஸ் 0.5 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் தண்ணீர் உறிஞ்சும். சிமென்ட் பால் அதற்குள் போகாது, பிடிக்காது. பாலிமர் கலந்த டைல்ஸ் பசையைப் பல் கரண்டியால் சீப்பி ஒட்ட வேண்டும். நான்கு மூலையிலும் நடுவிலும் ஐந்து பொட்டு வைத்து ஒட்டினால் அடியில் வெற்றிடம் நிற்கும், கனமான பொருள் விழுந்தால் அங்கேதான் உடையும். முதல் நாள் ஒட்டியதில் ஒன்றை உடனே பெயர்த்துப் பின்புறத்தைப் பாருங்கள். பசை முழுதும் படிந்திருக்கிறதா, கோடு கோடாக மட்டும் ஒட்டியிருக்கிறதா என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். அன்றைக்கே சொன்னால் அவரும் மாற்றிக்கொள்வார்.

அளவு: தரை 40 சதுர அடி. சுவரின் சுற்று 26 அடி, 7 அடி உயரத்துக்கு 182. கதவு 17.5 கழித்தால் 164.5. மொத்தம் 204.5, சேதாரம் 10 சதவீதம் சேர்த்து 225 சதுர அடி வாங்குங்கள். பெட்டியில் அச்சிட்டிருக்கும் தொகுதி எண்ணும் நிற எண்ணும் எல்லாப் பெட்டியிலும் ஒன்றாக இருக்கட்டும். குறைந்ததை அப்புறம் வாங்கினால் அதே மாடலே வேறு சாயலில் வரும். ஒரு பெட்டியை எடுத்து வைத்துவிடுங்கள், பின்னாளில் குழாய் பழுதுக்கு உடைக்க நேர்ந்தால் கைகொடுக்கும்.

முன்பணம்: பொருளை நீங்களே வாங்கித் தருவதால், கூலி ஆளுக்குப் பாதித்தொகை முன்னதாகத் தேவைப்படக் காரணமில்லை. பத்தில் ஒரு பங்கு போதும். மீதியை நாள் கணக்கில் பிரிக்காமல் சோதனைக் கணக்கில் பிரியுங்கள். பிளம்பருக்கு அழுத்தச் சோதனை தேறியதும் ஒரு தவணை, குழாய்கள் மாட்டி ஓடவிட்டதும் ஒரு தவணை. நீர்த்தடுப்புக்காரருக்கு 48 மணி நேரத் தண்ணீர் தேறிய பிறகு. எல்லோரிடமும் 5 முதல் 10 சதவீதத்தை மூன்று மாதம் நிறுத்தி வையுங்கள், இதை முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். கடைசியில் சொன்னால் அது ஏமாற்றுவதாகத்தான் அவருக்குப் படும், அவர் கோபம் நியாயமும்கூட.

என்ன வேலை என்பதை எழுதிக்கொள்ளுங்கள். "குளியலறை டைல்ஸ்" என்று மட்டும் பேசினால் சுவரைத் தூக்குக்குக் கொண்டுவருவது, குழாய்க்குத் துளை போடுவது, ஓரத்தை 45 பாகையில் சீவுவது, கிரௌட், இடிபாடு அள்ளுவது எல்லாம் "அது வேற கூலி" என்று பின்னால் வரும். நடுவில் எதை மாற்றினாலும் மாற்றம், கூலி, கூடும் நாட்கள் மூன்றையும் அன்றே கைப்பேசியில் எழுதி அனுப்பி, சரி என்று பதில் வாங்குங்கள். மொத்த மதிப்பீட்டுக்கு மேல் 15 முதல் 20 சதவீதம் தனியே இருக்கட்டும். பழைய வீட்டில் உடைத்த பிறகுதான் கம்பி துருப்பிடித்ததும் சாக்கடைக் குழாய் விரிந்ததும் தெரியும்.

ஆட்களை நேரடியாக வைத்தால், வேலையில் ஒருவர் விழுந்து அடிபட்டால் பல நாடுகளின் சட்டம் உங்களையே முதலாளியாகப் பார்க்கும். வீட்டுக் காப்பீடு கட்டுமான வேலை நடக்கும் காலத்துக்குச் செல்லுமா என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். பழைய கூரைத் தகடோ குழாயோ ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் உடைக்காமல் முதலில் சோதனைக்குக் கொடுங்கள். டைல்ஸும் கான்கிரீட்டும் அறுக்கும்போது தண்ணீர் விட்டே அறுக்க வேண்டும், பறக்கும் நுண்தூசு நுரையீரலில் தங்கிவிடும். துணி கட்டினால் போதாது, என்95 முகமூடியை வாங்கி நீங்களே ஆட்களுக்குக் கொடுங்கள்.

நடுக்கூடம் எழுதியது:

கொத்தனாரை நிறுத்திவைத்தாயிற்று, பொறியாளரைப் பார்த்த பிறகே சுவர். அதுவரை நாள் வீணாகாமல் மாடிக் குளியலறையை முதலில் முடித்துவிடலாமா?

தூக்குக்குண்டு எழுதியது:

வேண்டாம். உடைப்பதோடு நிறுத்துங்கள். கீழே பாரம் சுவரிலிருந்து பீமுக்கு மாறும்போது, எவ்வளவு நன்றாகச் செய்தாலும் மேல்தளம் துளியாவது அசையும். பீம் பாரம் ஏறி வளைந்தால்தான் தாங்கும், வளையாத பீம் கிடையாது. ஒன்றிரண்டு மி.மீ. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் புதிதாக ஒட்டிய டைல்ஸ் இணைப்பும் மூலையில் போட்ட நீர்த்தடுப்பும் அந்த அசைவில் பிளக்க வாய்ப்புண்டு. பழைய தரைக்கலவையையும் டைல்ஸையும் எடுத்துவிட்ட காலி அறை பாரமும் குறைவு, முட்டு வைப்பவருக்கு அது நல்லது. இடிபாட்டை மட்டும் அந்த அறையிலேயே குவித்து வைக்காமல் அன்றன்றே இறக்கிவிடுங்கள்.

முட்டுகளை எடுத்தபின், மாடிச் சுவரில் இருக்கும் ஒவ்வொரு விரிசலின் முனையிலும் குறுக்கே ஒரு பென்சில் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். இரண்டு வாரம் பாருங்கள். கோட்டைத் தாண்டி விரிசல் நீளவில்லை என்று பொறியாளர் பார்த்துச் சொன்ன பிறகு பிளம்பரை மாடிக்கு அனுப்புங்கள்.

ஓதக்காப்பு எழுதியது:

இதை ஆமோதிக்கிறேன். காலியாக இருக்கும் அந்த வாரங்களில் தளத்தைத் திறந்தே வையுங்கள், பழைய ஈரம் காயட்டும். இரண்டடிக்கு இரண்டடி பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் கழித்து அடியில் நீர்த்துளி கோத்திருக்கிறதா என்று பாருங்கள். துளி இருக்கும்வரை நீர்த்தடுப்புப் பூச்சைத் தொட வேண்டாம். ஈரத்தின்மேல் பூசினால் அது கொப்புளமாக எழும்பி உரியும்.